கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா? கழற்றும் முன் நேரத்தைப் பாருங்கள்

மூன்று மாதமாக எங்கள் வீட்டு டெஸ்க்டாப் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. மகள் ஆன்லைன் தேர்வு எழுதிக்கொண்டிருப்பாள். திரை சட்டென்று கறுத்து, அடுத்த நிமிடம் விண்டோஸ் லோகோ வந்து நிற்கும். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டேன். ரேம் மாற்றினேன். கடையில் கொடுத்தேன். அங்கே இரண்டு நாள் ஓடவிட்டும் ஒருமுறைகூட ரீஸ்டார்ட் ஆகவில்லை. "எதற்கும் மதர்போர்டை மாற்றிவிடலாம்" என்றார்கள். நல்லவேளை, மாற்றவில்லை. கோளாறு கம்ப்யூட்டருக்குள்ளேயே இல்லை.

நான் செய்த வரிசையில் அல்லாமல், செய்திருக்க வேண்டிய வரிசையில் எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இது பொருந்தும்.

படி 1: தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்துங்கள்

ஸ்டார்ட் மெனுவில் 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தேடித் திறங்கள். 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி' பகுதியில் செட்டிங்ஸை அழுத்தினால் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். இனி விண்டோஸே முறிந்து விழுந்தால் பிழையைச் சொல்லும் நீலத்திரை (புதிய விண்டோஸ் 11-இல் கறுப்புத்திரை) அப்படியே நிற்கும், அதிலுள்ள வரியைப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். டிக்கை எடுத்த பிறகும் அந்தப் பிழைத்திரையே வராமல் பட்டென்று அணைந்தால், மின்சாரம் அல்லது ஹார்டுவேர் பக்கம்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

படி 2: ஈவன்ட் வியூவர்

நான் சறுக்கிய இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கம்ப்யூட்டரில் நடந்தவற்றை விண்டோஸ் குறித்துவைக்கும் பதிவைக் காட்டுவது ஈவன்ட் வியூவர். ஸ்டார்ட் மெனுவில் தேடி அதைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போங்கள். ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கும். சிவப்பும் மஞ்சளுமாகப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நன்றாக ஓடும் கம்ப்யூட்டரிலும் அவை இருக்கும். வலப்பக்கம் 'ஃபில்டர் கரன்ட் லாக்' என்பதை அழுத்தி, ஈவன்ட் ஐடி கேட்கும் கட்டத்தில் 41,1074,6008 என்று கமா போட்டு அடியுங்கள்.

1074 என்றால் ஏதோ ஒரு புரோகிராமோ, வீட்டில் யாரோ முறைப்படி ரீஸ்டார்ட் கொடுத்திருக்கிறார்கள். எந்த புரோகிராம் என்பதும் அதிலேயே இருக்கும். விண்டோஸ் அப்டேட் என்று இருந்தால் உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறே இல்லை, அப்டேட் நேரத்தை மாற்றினால் போதும்.

41 என்றால் ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் கம்ப்யூட்டர் நின்றிருக்கிறது. அந்த வரியைத் திறந்து டீடெய்ல்ஸ் தாவலில் 'பக்செக்கோட்' என்பதைப் பாருங்கள். அங்கே 0 அல்லாத எண் இருந்தால் விண்டோஸ் முறிந்திருக்கிறது. அந்த எண் நாம் வழக்கமாக எழுதும் பதின்ம எண். இணையத்தில் தேடும் முன் கால்குலேட்டரில் புரோகிராமர் முறைக்குப் போய் ஹெக்ஸாக (பதினாறின் அடிப்படையில் எழுதும் எண்ணாக) மாற்ற வேண்டும். உதாரணமாக 292 என்பது ஹெக்ஸில் 124, ஹார்டுவேர் பிழை. 159 என்பது 9எஃப், பெரும்பாலும் டிரைவர் கோளாறு. மாற்றாமல் 292 என்றே தேடி ஒரு வாரம் வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் எல்லா வரியிலும் 0. அப்படியென்றால் நின்ற காரணத்தை எழுதிவைக்கக்கூட விண்டோஸுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. பெரும்பாலும் கரண்ட் அறுபட்டிருக்கிறது.

இனிதான் முக்கியமான விஷயம். 41 வரியில் உள்ள நேரம் கம்ப்யூட்டர் நின்ற நேரம் அல்ல, மறுபடி எழுந்த நேரம். நான் அதைத்தான் குறித்துக்கொண்டிருந்தேன். சில நாள் மகள் அலுத்துப்போய் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு இரவில்தான் ஆன் செய்திருக்கிறாள், அதனால் எந்த ஒழுங்கும் புலப்படவில்லை. நின்ற நேரம் 6008 வரிக்குள் இருக்கிறது. 'இந்த நேரத்தில் நடந்த ஷட்டவுன் எதிர்பாராதது' என்று வாக்கியமாகவே எழுதியிருக்கும். அந்த நேரங்களை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். ஒரு வாரத்துக்குப் போதும்.

நான் எழுதியபோது காலை 7.10-ஐ ஒட்டி நான்கு, மாலை 5.40-ஐ ஒட்டி மூன்று. காகிதத்தைப் பார்த்த என் மனைவிதான் சொன்னாள்: "அது நான் மோட்டார் போடற நேரம்ங்க."

படி 3: யூபிஎஸ்ஸைச் சோதியுங்கள்

போர் மோட்டார் கிளம்பும் நொடியில், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். வீட்டு வோல்டேஜ் ஒரு கணம் சரியும். விளக்கு லேசாக மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சரிவைப் பார்த்ததும், கம்ப்யூட்டர் மாட்டியிருக்கும் யூபிஎஸ் தன் பேட்டரிக்கு மாறுகிறது. பேட்டரி செத்திருந்தால் அந்தக் கணமே கம்ப்யூட்டர் போய்விடும். எங்கள் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்ஸில்) கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆகும்படி இருந்ததால், பார்ப்பதற்கு ரீஸ்டார்ட் போலவே இருந்தது. கடையில் ஏன் ஒழுங்காக ஓடியது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

சோதிக்க கம்ப்யூட்டரைப் பயன்படுத்தாதீர்கள், ஹார்டு டிஸ்க் கெடலாம். கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்து கழற்றிவிட்டு, யூபிஎஸ்ஸில் ஒரு டேபிள் லாம்ப்பில் பழைய 60 வாட் குண்டு பல்பைப் போடுங்கள். எல்இடி பல்பு வேண்டாம், அதன் சுமை போதாது. இப்போது சுவர் ஸ்விட்சை அணையுங்கள். நல்ல பேட்டரி என்றால் பல்பு பல நிமிடம் எரியும். எங்களுடையது எண்ணி இரண்டு நொடி.

சாதாரண 600 விஏ யூபிஎஸ்ஸில் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி. இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும். மாற்றும்போது பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, சிவப்பு, கறுப்பு வயர்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். பழையதைக் குப்பையில் போடாமல் பேட்டரி கடையிலேயே கொடுங்கள், உள்ளே ஈயம் இருக்கிறது. லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் மாட்டவே மாட்டாதீர்கள்.

நேரத்தில் ஒழுங்கே இல்லையென்றால்

கேம் விளையாடும்போது, வீடியோ எடிட் செய்யும்போது மட்டும் நிற்கிறதா? சூடு அல்லது எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் எல்லா பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி). சூட்டைப் பார்க்க ஹெச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) என்ற புரோகிராமைத்தான் நான் எப்போதும் சொல்வேன். இலவசம், விளம்பரத் தொல்லை இல்லை. வேலை செய்யும்போது பிராசஸர் 90 டிகிரியைத் தாண்டிக்கொண்டே இருந்தால் ஃபேனில் தூசி தட்டி, பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள். இன்டெல்லோடு வரும் கூலரில் நான்கு பிளாஸ்டிக் ஊசிகள் உண்டு. ஒன்று சரியாக இறங்காவிட்டாலும் சூடு ஏறும். சூடு சரியாக இருந்தும் நின்றால், தெரிந்தவரிடமிருந்து நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றைக் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

நீலத்திரை வெவ்வேறு பிழைகளோடு மாறி மாறி வந்தால் ரேம். கழற்றி, தங்க நிறப் பட்டையை ரப்பரால் மெல்லத் துடைத்து மாட்டுங்கள். பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 புரோகிராமை பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் வேண்டாம். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

பின்சேர்க்கை 1: "எங்கள் வீட்டில் யூபிஎஸ் கிடையாது, இன்வெர்ட்டர்தான், அதிலும் இதே தொல்லை" என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பல இன்வெர்ட்டர்களில் 'யூபிஎஸ்', 'நார்மல்' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். கரண்ட் அறுந்தால் எஸ்எம்பிஎஸ் ஏறக்குறைய 16 மில்லி செகண்ட்தான் தாங்கும். நார்மல் முறையில் இன்வெர்ட்டர் மாறுவதற்குள் அந்த நேரம் கடந்துவிடலாம். யூபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். அவருக்கு அதோடு சரியாகிவிட்டது.

பின்சேர்க்கை 2: இன்னொருவருக்கு இதில் எதுவுமே பொருந்தவில்லை. கேபினெட்டின் ரீசெட் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டிருந்திருக்கிறது. மதர்போர்டிலிருந்து அந்தச் சின்ன இரண்டு ஊசி வயரை மட்டும் பிடுங்கிவிட்டார். கம்ப்யூட்டர் அது இல்லாமலே ஓடும், ஆன் செய்ய பவர் பட்டன் போதும்.