நுண்ணலைக்கு ஸ்க்விட் மெட்டாமெட்டீரியல்: காந்தப்புலத்தைக் கட்டுக்குள் வைப்பதுதான் பாதி வேலை

ஒரே ஒரு ஜோசப்சன் சந்தி (இரு மீக்கடத்திகளுக்கு நடுவே மெல்லிய தடுப்பு உள்ள இணைப்பு) உள்ள மீக்கடத்தி வளையம்தான் ஆர்.எஃப். ஸ்க்விட். மீக்கடத்தி என்பது போதிய குளிரில் மின்தடையே இல்லாமல் மின்னோட்டத்தைக் கடத்தும் பொருள். இவற்றை வரிசையாக அடுக்கினால் அது ஒரு மெட்டாமெட்டீரியல், அதாவது சிறு அலகுகளை அடுக்கிச் செயற்கையாக உருவாக்கிய பொருள். வெளிக் காந்தப்புலத்தைக் கொண்டே அதன் ஒத்ததிர்வை (நுண்ணலையை வலுவாக உறிஞ்சும் அதிர்வெண்ணை) நகர்த்தலாம். 2013இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயிலும் அமெரிக்காவின் மேரிலாந்திலும் இதைச் செய்து காட்டினார்கள்.

முதலில் கணக்கு. உட்பக்கம் 50 மைக்ரோமீட்டர் உள்ள நியோபியம் சதுர வளையத்தின் தூண்டம் ஏறத்தாழ 80 பிகோஹென்றி. அதைச் சந்தியின் மாறுநிலை மின்னோட்டத்தாலும் (தடையின்றிச் செல்லக்கூடிய உச்ச மின்னோட்டம்) 2π-யாலும் பெருக்கி, பாயக் குவாண்டத்தால் (வளையத்தை ஊடுருவும் காந்தப் பாயத்தின் அடிப்படை அலகு, 2.07×10⁻¹⁵ வெபர்) வகுத்தால் கிடைப்பது பீட்டா. இது 1ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் புலத்தை ஏற்றும்போது ஓர் அதிர்வெண், இறக்கும்போது வேறொன்று என்று தாவும். பீட்டா 0.8 என்றால் சந்திக்கு 3.3 மைக்ரோஆம்பியர். இணையாக 5 பிகோஃபாரட் மின்தேக்கி வைத்தால் வளையத்தின் அடிப்படை அதிர்வெண் 8 கிகாஹெர்ட்ஸ். பாயமே இல்லாதபோது 10.7, அரைக் குவாண்டத்தில் 3.6.

வளையங்களைச் சமதள அலைவழித்தடத்தின் (சில்லின் மேற்பரப்பில் நடுக்கோடும் இருபுறமும் தரைத்தளமும் உள்ள நுண்ணலைப் பாதை) நடுக்கோட்டுக்கும் தரைத்தளத்துக்கும் உள்ள இடைவெளியில் வையுங்கள். அங்கேதான் நுண்ணலையின் காந்தப்புலம் வளையத்தை ஊடுருவும்.

பெரும்பாலான முயற்சிகள் கெடுவது அடுத்த கட்டத்தில். ஒரு குவாண்டத்துக்கு 1 மைக்ரோடெஸ்லாவுக்கும் குறைவான புலம் போதும். புவியின் புலமோ 25 முதல் 65. மியூ-மெட்டல் (காந்தப்புலத்தைத் தடுக்கும் நிக்கல்-இரும்புக் கலவை) உறை கட்டாயம். நிக்கல் பூசிய இணைப்பிகளைச் சில்லுக்கு அருகில் விடாதீர்கள். அவற்றின் புலம் வளையத்துக்கு வளையம் வேறுபடுவதால், தடத்தைக் கடந்து வரும் நுண்ணலையின் அளவீட்டில் ஒத்ததிர்வைக் காட்டும் ஒரே கூர்மையான பள்ளம் வர வேண்டிய இடத்தில் பல சிறு பள்ளங்கள் சிதறும். வெளிப்புலம் தரும் சுருளின் மின்னோட்டத்தை அணைத்துவிட்டு, நியோபியம் மீக்கடத்தியாகும் 9.2 கெல்வினை மெதுவாகக் கடந்து 4.2க்கு இறக்குங்கள். சிதறல் தெரிந்தால் மீக்கடத்தியில் காந்தப் பாயம் சிக்கியிருக்கலாம்: 10 கெல்வினுக்கு மேல் சூடேற்றி மறுபடி குளிர்வியுங்கள்.

மில்லிமீட்டருக்கு 10 சுற்று உள்ள சுருள் மில்லிஆம்பியருக்கு 12.6 மைக்ரோடெஸ்லா தரும். ஆகவே 1 மைக்ரோஆம்பியர் படிகளில் ஏற்றுங்கள். சுற்றியுள்ள மீக்கடத்தித் தளம் புலத்தைக் குவிக்கும் என்பதால் கணக்கிட்ட அளவை நம்ப வேண்டாம். மின்னோட்டத்துக்கு எதிராக ஒத்ததிர்வை வரைந்தால், அதே வளைகோடு மீண்டும் வரும் இடைவெளியே உங்கள் ஒரு குவாண்டம்.

உள்ளீட்டுக் கம்பியில் 4 கெல்வினில் 20 டெசிபெல் தணிப்பான் போட்டு, சில்லில் −80 டிபிஎம்மில் (1 மில்லிவாட்டை ஒப்பிட்டு டெசிபெல்லில் சொல்லும் திறன்) தொடங்குங்கள். திறன் மிகுந்தால் ஒத்ததிர்வு 8 கிகாஹெர்ட்ஸிலேயே நின்றுவிடும். புலத்தை மாற்றியும் அசையாது. பின்னணியைக் கழிக்க, சூடான நிலையில் எடுத்த அளவீடு உதவாது, தடமும் நியோபியம் என்பதால் அதன் இழப்பே மாறிவிடும். ஒத்ததிர்வு 3.6 கிகாஹெர்ட்ஸுக்கு விலகியிருக்கும் அரைக் குவாண்டத்தில் எடுத்த அளவீட்டைக் கழியுங்கள்.