கிடாரி மடி ஸ்கேன்: புரோபை அழுத்தினால் அளவு போச்சு

சினைப் பரிசோதனைக்கு ஸ்கேன் பிடித்துப் பழகியவர்கள் கிடாரிக் கன்றின் மடியைப் பார்க்க உட்காரும்போது பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். ஜெல் தீர்ந்துபோவது, கன்று உதைப்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. நான்கு கன்று பார்த்தால் அவை தாமாகச் சரியாகிவிடும். படம் தெளிவாக வந்து அளவு மட்டும் தப்பாகும் தவறுகள் அப்படியல்ல. யாரும் சுட்டிக்காட்டாவிட்டால் அவை வருடக்கணக்கில் தொடரும்.

சினை பார்த்த செட்டிங்கை மாற்றாமல் விடுவது

சினை பார்க்க ஆழத்தை 10 செ.மீ. அல்லது அதற்கு மேல் வைத்திருப்போம். இளங்கன்றின் மடியில் நாம் அளக்கத் தேடுவது, பின்னாளில் பால் சுரக்கப்போகும் சுரப்பித் திசு. அது தோலுக்குக் கீழே முதல் இரண்டு மூன்று செ.மீ.க்குள் இருக்கிறது. பழைய செட்டிங்கில் அது திரையின் மேல் ஓரத்தில் மெல்லிய பட்டையாகச் சுருங்கிவிடும். திரையில் தடிமனை அளக்கப் போடும் அளவுக்கோட்டின் புள்ளியை இம்மி நகர்த்தினாலே சில மில்லிமீட்டர் மாறும். ஆழத்தை 4 முதல் 5 செ.மீ.க்குக் குறையுங்கள். ஃபோகஸைச் சுரப்பி இருக்கும் ஆழத்துக்குக் கொண்டுவாருங்கள். புரோப் (தோலில் வைத்துப் படமெடுக்கும் கைக்கருவி) நேரான முகப்புள்ள லீனியர் வகையாக, அதிர்வெண் 7.5 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது. கிடாரி வளர்ந்த பிறகு ஆழத்தைக் கூட்ட வேண்டிவரும். கூட்டிய தேதியைப் பதிவேட்டில் குறித்துவையுங்கள்.

புரோபை அழுத்துவது

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது. எரிச்சல் வருவதற்குக் காரணம், அழுத்துகிறவருக்கு அது தவறாகவே தெரிவதில்லை. அழுத்தினால் தோலுக்கும் புரோபுக்கும் இடையே இருக்கும் காற்று வெளியேறும், நிழல்கள் மறையும், படம் பளிச்சென்று வரும். நல்ல படம் கிடைத்துவிட்டது என்று உடனே படத்தை ஃப்ரீஸ் செய்து (நிறுத்தி) அளந்துவிடுகிறார்கள்.

ஆனால் கன்றின் மடியில் எலும்போ தசையோ தாங்கி நிற்பதில்லை. முதலில் தோலடிக் கொழுப்பு நசுங்கும், பிறகு சுரப்பித் திசு பக்கவாட்டில் விரியும். உண்மையில் 20 மி.மீ. இருப்பது 16 என்று பதிவாகும். அடுத்த மாதம் அது 24 ஆக வளர்ந்திருக்க, இன்னும் பலமாக அழுத்துகிற ஒருவர் 18 என்று எழுதுவார். நான்கு மி.மீ. வளர்ச்சி ஏட்டில் இரண்டாகிவிட்டது. மாறாக இரண்டாமவர் இலேசான கை என்றால், இல்லாத வளர்ச்சி இருப்பதாகத் தெரியும்.

இதன் விலையைப் பண்ணைதான் கொடுக்கிறது. மடி வளரவில்லை என்று நினைத்து அந்தக் கொட்டகைக் கிடாரிகளுக்கு எல்லாம் அடர்தீவனத்தை ஏற்றிவிடுகிறார்கள். சுமார் மூன்றாம் மாதம் முதல் பருவமடையும் வரை சுரப்பித் திசு உடல் எடையைவிட வேகமாக வளரும் காலம். அந்த நேரத்தில் தேவைக்கு மீறிய எரிசக்தி கொடுத்தால் கூடுவது கொழுப்பு. இல்லாத குறைக்கு வைத்தியம் செய்து உண்மையான குறையை உண்டாக்குகிறோம்.

அழுத்தம் இருக்கிறதா இல்லையா என்று ஊகிக்க வேண்டியதில்லை, திரையே காட்டும். முடியை ஒட்டக் கத்தரித்துவிட்டு, ஜெல்லைச் சுமார் அரை செ.மீ. தடிமனாக வையுங்கள். ஜெல் திரையின் உச்சியில் கருப்புப் பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டை இடமிருந்து வலம்வரை ஒரே தடிமனில் இருந்தால் மட்டும் ஃப்ரீஸ் செய்யுங்கள். ஒரு முனையில் மெலிந்தால் புரோப் சாய்ந்திருக்கிறது. முழுதாக மறைந்தால் அழுத்துகிறீர்கள்.

கையின் பாரம் புரோபில் இறங்காமலிருக்க, சுண்டுவிரலையும் மணிக்கட்டையும் கன்றின் தொடையில் ஊன்றிக்கொள்ளுங்கள். கேபிளைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். தொங்கும் கேபிளே புரோபைச் சாய்க்கும். சில சமயம் நீங்கள் அசையாவிட்டாலும் கன்று பின்னால் நகர்ந்து தானே வந்து அழுந்தும், அந்தப் படத்தையும் விட்டுவிடுங்கள். ஜெல் பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்திருந்தால் அந்த நகர்வு பாதி குறையும். மடியின் நான்கு காற்பகுதிகளில் (ஒரு காம்புக்கு ஒன்று) ஒவ்வொன்றுக்கும் புரோபை முழுதாக எடுத்து மறுபடி வைத்து மூன்று படம் எடுங்கள். மூன்றும் ஒத்துவராவிட்டால் சராசரி போடாதீர்கள், மறுபடி எடுங்கள். அளவுக்கோடு போடாத படத்தையும் சேமியுங்கள். பிறகு பார்ப்பவர் கருப்புப் பட்டையைச் சரிபார்க்க அது ஒன்றுதான் வழி.

கொழுப்பையும் சுரப்பியோடு சேர்த்து அளப்பது

பெரிய மடி நல்ல மடி என்ற எண்ணம் கண்ணில் இருப்பதால் வருவது. சுரப்பித் திசு ஓரளவு சீரான நுண்மணிகளாகத் தெரியும். சுற்றியுள்ள கொழுப்பில் இணைப்புத் திசுவின் வெண்கோடுகள் ஓடும். எல்லை புரியாவிட்டால் காம்பின் அடியிலிருந்து தொடங்கி மேலே நகருங்கள், சுரப்பி அங்கிருந்துதான் பரவுகிறது. அதற்கு முன் கையால் தடவிப் பாருங்கள். சிறு கன்றில் சுரப்பி காம்புக்கு மேல் பாதாம் பருப்புபோல் உறுதியாகத் தட்டுப்படும், கொழுப்பு மெத்தென்று விலகும்.

மடியின் பின்புறம் மேலே, வெள்ளை நடுப்பகுதியுடன் முட்டை வடிவில் ஒன்று தெரிந்தால் அது நிணநீர்க் கணு. அதைச் சுரப்பிக் கட்டி என்று எழுதியவர்கள் உண்டு.

கன்றுக்குக் கன்று கெயினை மாற்றுவது

கெயின் என்பது படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் செட்டிங். அதை மாற்றினால் ஒரு கன்றின் படத்தின் வெண்மையை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. ஆட்டோ கெயினை அணைத்துவிடுங்கள்.

ஜெல்லுக்குப் பதில் ஸ்பிரிட்

புரோபின் முகப்பு ரப்பர் கெடும். வேண்டாம்.

படுத்திருக்கும் கன்றை அளப்பது

மடி ஒரு பக்கம் சரிந்துவிடும். பின்னங்கால்கள் இரண்டும் சமமாக ஊன்றி நிற்க வேண்டும். காலைத் தூக்கிப் பிடித்தாலும் தோல் இழுபட்டு அளவு மாறும். கன்றுகள் ஒன்றையொன்று சப்பும் கூட்டத்தில் காம்பு வீங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். வீங்கியிருந்தால் தனியே பிரித்து வைத்து இன்னொரு நாள் அளக்கலாம்.

எடை போடாமல் ஸ்கேன் மட்டும் எடுப்பது

80 கிலோ கன்றின் 20 மி.மீ.யும் 130 கிலோ கன்றின் 20 மி.மீ.யும் ஒன்றல்ல. ஸ்கேன் எடுத்த அன்றே எடையையும், வயதை நாள் கணக்கிலும், எந்தக் காற்பகுதி, புரோப் எந்தத் திசை, அளந்தவர் யார் என்பதையும் ஒரே வரியில் எழுதுங்கள். மாதா மாதம் அதே ஆள் அளப்பது நல்லது. ஆள் மாறினால், மாறும் மாதத்தில் இருவரும் ஒரே கன்றுகளைத் தனித்தனியே அளந்து, கை வித்தியாசம் எவ்வளவு என்று குறித்துவிட்டுப் பொறுப்பை மாற்றுங்கள்.