குமரியில் தேசிய அளவில் பூல் போட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ வெளிமாநில ஆட்டக்காரர்களை அழைத்து ஒரு நைன் பால் போட்டி (துணி விரித்த மேஜையில் குச்சியால் பந்தைக் குழியில் தள்ளும் பூல் ஆட்டத்தில், ஒன்பது பந்து வைத்து ஆடும் வகை) நடத்த ஆசைப்படும் தம்பிகள் முதலில் கேட்பது, "அண்ணே, பரிசு எவ்வளவு போடலாம்?" என்றுதான். கையில் எவ்வளவு இருக்கிறது என்று திருப்பிக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். பல போட்டிகள் சறுக்குவது அங்கேதான்.

64 பேர் வருவார்கள், ஆளுக்கு 2,000 ரூபாய் என்ட்ரி ஃபீஸ், 1,28,000 சேர்ந்துவிடும், மீதிக்கு ஸ்பான்சர் இருக்கிறார் என்று நம்பி 3 லட்சம் பரிசு எனப் பிளக்ஸ் அடிக்கிறோம். வந்தது 30 பேர் என்றால் 60,000தான் கையில். நான் சேர்ந்து நடத்திய முதல் போட்டியில் இப்படித்தான் ஆனது. வாயால் ஒப்புக்கொண்ட ஸ்பான்சர் கடைசி வாரத்தில் போனை எடுக்கவில்லை. ஜெயித்த பையனுக்குப் பாதிப் பணத்தைக் கொடுத்து, மீதியை இரண்டு மாதம் கழித்துக் கடன் வாங்கி அனுப்பினோம். அடுத்த வருடம் அவன் ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2006இல் அமெரிக்காவின் ரீனோ நகரில் இன்டர்நேஷனல் பூல் டூர் நடத்திய எய்ட் பால் என்ற இன்னொரு வகைப் பூல் போட்டியில் பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரெயஸ் வென்றார். முதல் பரிசு 5 லட்சம் டாலர் என்று அறிவித்திருந்தார்கள். ஆனால் ஆட்டக்காரர்களுக்குப் பரிசுப் பணத்தை உடனே கொடுக்க முடியாமல் தவணை சொன்னார்கள். அந்த டூர் அதற்குப் பிறகு பழைய நிலைக்கு வரவே இல்லை.

அதனால் வங்கிக் கணக்கில் விழுந்த பணத்தை மட்டும் உறுதிப் பரிசாக அறிவியுங்கள். ஆட்கள் கூடினால் தொகை கூடும் என்று கீழே எழுதிக்கொள்ளலாம். பாதிப் பணத்தை முதல் பரிசுக்கே ஒதுக்குவதும் தப்பு. சண்டிகரிலிருந்து வருகிறவர் தோற்றாலும் டிக்கெட் செலவில் கொஞ்சமாவது திரும்ப வேண்டும். கடைசி 16 பேருக்கு என்ட்ரி ஃபீஸையாவது திருப்பிக் கொடுத்தால் அடுத்த முறையும் வருவார்கள்.

ஸ்பான்சர் விஷயத்தில் பெரிய கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய சிஎஸ்ஆர் பணத்தை நம்பி மாதக்கணக்கில் அலைபவர்கள் உண்டு. விளையாட்டுப் பயிற்சிக்கு அதில் இடம் இருக்கிறது. ஆனால் விளம்பரத்துக்காகக் கொடுக்கும் ஸ்பான்சர் தொகையை சிஎஸ்ஆர் கணக்கில் காட்ட 2021 விதிகள் விடுவதில்லை. சிகரெட் கம்பெனிப் பணம் வேண்டவே வேண்டாம், 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டமே தடுக்கிறது. நம்மூர் நகைக்கடை, ஜவுளிக்கடை, முந்திரி ஆலைக்காரர்களிடம் போங்கள். ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் விளம்பரச் செலவை அவர்கள் முடிவு செய்வதற்கு முன்பே போய்விட வேண்டும். பூல் பார்லர் என்றாலே முகம் சுளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கூட்டிவந்து புகையில்லாத, பெண்பிள்ளைகளும் ஆடுகிற கூடத்தைக் காட்டுங்கள். பெண்களுக்குத் தனிக் கழிப்பறைகூட இல்லாமல் மகளிர் பிரிவு அறிவிக்காதீர்கள்.

தேதி குறிப்பதில்தான் வெளியூர்க்காரர்களை அதிகம் இழக்கிறோம். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை சபரிமலை சீசன், கன்னியாகுமரி லாட்ஜுகளில் அறை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் வாடகை எகிறும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஈரக்காற்றில் டேபிள் துணி கனத்துப் பந்தின் வேகம் குறையும். ஏசி இல்லாத கூடம் என்றால் வடக்கத்தி ஆட்டக்காரர்கள் முதல் நாளே நொந்துபோவார்கள். பிப்ரவரி, மார்ச் பரவாயில்லை. ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்புதான் திறக்கிறது. அதற்குள் தேதியை வெளியிட்டுவிடுங்கள். டெல்லியிலிருந்து வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் வாரத்தில் இரண்டு நாள்தான். அந்த நாட்களைப் பார்த்துத் தொடக்கத்தையும் இறுதி ஆட்டத்தையும் வையுங்கள்.

சனி, ஞாயிறில் முடித்துவிடலாம் என்ற நினைப்பும் வேண்டாம். 64 பேர், இரண்டு முறை தோற்றால் வெளியே என்ற முறையில் குறைந்தது 126 ஆட்டம். முதலில் ஏழு ரேக் (பந்துகளை அடுக்கி ஆடும் ஒரு சுற்று) ஜெயிப்பவருக்கு வெற்றி என்ற ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தாலும், நான்கு டேபிளில் 32 மணி நேரத்துக்குக் குறையாது. மூன்று நாள் வேண்டும், இல்லையென்றால் ஆட்களைக் குறையுங்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு அரையிறுதி ஆடவைத்தால் பார்ப்பதற்கு ஸ்பான்சர்கூட இருக்கமாட்டார்.

தேசிய சாம்பியன்ஷிப் என்று நாமே பெயர் வைக்கக் கூடாது. அந்தப் பட்டம் இந்திய பில்லியர்ட்ஸ் ஸ்நூக்கர் கூட்டமைப்பின் வழியாக வருவது. அனைத்திந்திய ஓபன் என்று போடுங்கள், ரேங்கிங் புள்ளி கிடைக்காது என்பதையும் அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், போட்டி முடிந்த வாரத்துக்குள் வரவு செலவுக் கணக்கையும் நாலு நல்ல படங்களையும் ஸ்பான்சர் கையில் நேரில் கொடுத்துவிடுங்கள். அடுத்த வருடத்துத் தொகையை அங்கேயே உட்கார்ந்து பேசி, முன்பணத்தை வாங்கிக்கொள்ளலாம்.