எலுமிச்சைத் தோட்டத்தில் யூரியாவை விட்டு எருவுக்கு மாறுவது எப்படி?

எலுமிச்சையோ சாத்துக்குடியோ ஆரஞ்சோ, யூரியாவை ஒரே பருவத்தில் அடியோடு நிறுத்தினால் மரம் வெளுத்துப்போகும். எருவில் சத்து இருக்கிறது, ஆனால் அது மெதுவாகத்தான் இறங்கும். அதனால் படிப்படியாக மாறுவோம்.

1. முதலில் கணக்கு

யூரியாவில் தழைச்சத்து (நைட்ரஜன்) 46 சதவீதம். மட்கிய தொழுவுரத்தில் சுமார் 0.5 சதவீதம்தான். மரத்துக்கு ஆண்டுக்கு 1 கிலோ யூரியா வைத்தால் அதிலுள்ள தழைச்சத்து 460 கிராம். தொழுவுரத்தில் அதே அளவுக்கு 92 கிலோ வேண்டும். அதிலும் முதல் ஆண்டு ஒரு பங்குதான் வேருக்குக் கிடைக்கும், மிச்சம் அடுத்தடுத்த ஆண்டுகளில் வரும். எனவே முதல் ஆண்டு யூரியாவில் கால் பங்கைக் குறைத்து, 40 முதல் 50 கிலோ எரு வையுங்கள். அடுத்த ஆண்டு பாதி, அதற்கடுத்து முக்கால். மண்ணில் பழைய எரு சேரச் சேரக் கணக்கு உங்கள் பக்கம் வந்துவிடும்.

2. எருவை மட்க வைத்தல்

அவசரப்பட்டுப் பச்சைச் சாணத்தை மரத்தடியில் கொட்டுவதுதான் பலரும் செய்வது. அது சூடேறி வேரைப் பொசுக்கும், களை விதையும் கூடவே வரும். சாணம், மாட்டுத்தொழுவக் கூளம், காய்ந்த இலை எல்லாவற்றையும் கலந்து இடுப்பளவு உயரத்துக்குக் குவியுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனைய வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டால் மூன்று நான்கு மாதத்தில் தயாராகும். புரட்டி, தண்ணீர் தெளித்த பிறகும் குவியல் மறுபடி சூடேறவில்லை, சாண வாடை போய் மண்வாசம் வருகிறது என்றால் சரி, எடுக்கலாம்.

கோழி எருவில் தழைச்சத்து பல மடங்கு அதிகம், அதையும் மட்க வைத்தே இடவேண்டும். தொழுவுரத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். உப்பு ஏறினால் எலுமிச்சை இனம் தாங்காது.

3. இடும் முறை

தூரிலிருந்து இரண்டு அடி தள்ளி, கிளை நுனி வரை வட்டமாகப் பரப்புங்கள். தண்டை ஒட்டிக் குவித்தால் பட்டை ஈரத்திலேயே கிடந்து பூஞ்சணம் பிடிக்கும், பிசின் வடியும். சத்தை இழுக்கும் வேர்கள் மேலாகவே ஓடுவதால் ஆழமாகக் கொத்தாதீர்கள். லேசாகக் கிளறி, தண்ணீர் விட்டு, காய்ந்த இலையால் மூடாக்கு போட்டால் போதும். புதுத் துளிர் வருவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பு இடுங்கள். பழம் பழுக்கும் நேரத்தில் தழைச்சத்து மிகுந்தால் தோல் தடிக்கும், நிறமும் தாமதமாகும்.

4. இலையைப் பாருங்கள்

முதிர்ந்த இலைகள் முழுதாக மஞ்சளானால் தழைச்சத்து போதவில்லை. அந்த ஆண்டு யூரியாவை இன்னும் குறைக்காதீர்கள். இளம் இலைகள் சிறுத்து, நரம்பு பச்சையாக இருக்க, நரம்புகளுக்கு நடுவில் மட்டும் மஞ்சளித்தால் பெரும்பாலும் துத்தநாகக் குறை. அதற்கு எருவைக் கூட்டிப் பயனில்லை, துத்தநாகத்தை இலைவழியாகத் தெளித்துவிடுங்கள்.