பைக்கு ஒரு ஜாதகம்: ஏஐ எழுதிய விவரணையைத் தளத்தில் ஏற்றும் முன்

போன வருஷம் ஜூலையில் ஒரு லேப்டாப் பை திரும்பி வந்தது. பெட்டியைப் பிரித்ததுமே வாடை. உள்ளே தைத்த அஸ்தர் துணி நனைந்து, உள்தோல் உப்பி, ஓரமெல்லாம் பச்சைப் பூஞ்சை. வாங்கியவர் எழுதியிருந்த காரணம்: 'வாட்டர்ப்ரூஃப் என்று போட்டிருந்தது, செம்பூர் ஸ்டேஷனிலிருந்து வீடு போவதற்குள் நனைந்துவிட்டது.' ஆன்லைனில் அந்தப் பையை விற்கும் பக்கத்தை, அதாவது லிஸ்டிங்கைத் திறந்து பார்த்தேன். ஆமாம், இரண்டாவது வரியிலேயே வாட்டர்ப்ரூஃப் இருந்தது. நான் எழுதவில்லை, ஏஐ எழுதியது. ஆனால் ஏற்றியது நான்தானே. தளக்காரர்கள் அந்த லிஸ்டிங்கை ஒன்பது நாள் மறைத்து வைத்தார்கள். மழைக்காலத்தில் நன்றாக ஓடும் பை அது.

மும்பை தாராவியில் 90 அடி சாலைக்குப் பின்னால் எங்கள் பட்டறை. அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து இங்கே தோல் வெட்டக் கற்றவர். முன்பெல்லாம் பக்கத்திலுள்ள காலா கில்லா கடைகளுக்கு மொத்தமாகக் கொடுப்போம். ஆறு வருஷமாக ஆன்லைனிலும் விற்கிறோம், அந்த வேலை என்னுடையது. அறுபத்துச் சொச்சம் லிஸ்டிங்குக்கு ஆங்கிலத்தில் விவரணை எழுத எனக்கு நேரமும் இல்லை, அவ்வளவு ஆங்கிலமும் இல்லை. ஏஐ இல்லாமல் முடியாது. அதைத் திட்டு வாங்காமல் பயன்படுத்த நான் கண்டுபிடித்த வழி இது.

முதல் வேலை கணினியில் இல்லை, வெட்டும் மேசையில். ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு தாள் போடுங்கள். அப்பா அதை 'பையோட ஜாதகம்' என்பார், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. எந்த மிருகத்தின் தோல், எத்தனை மில்லிமீட்டர் தடிமன், அஸ்தர் பருத்தியா பாலியெஸ்டரா, ஜிப் எந்த உலோகம், தையல் கையா மெஷினா, நீளம் அகலம் ஆழம், காலிப் பையின் எடை. அளவை டேப் வைத்து எடுங்கள், பழைய லிஸ்டிங்கிலிருந்து காப்பி அடிக்காதீர்கள். எங்கள் லேப்டாப் பை 39 செ.மீ. என்று மூன்று வருஷம் போட்டிருந்தோம். பேட்டர்ன் மாற்றியபோது 37.5 ஆகியிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை.

அதே தாளின் கீழே சட்டம் கேட்கும் விவரங்களையும் எழுதிக்கொள்ளுங்கள்: தயாரிப்பவர் அல்லது பேக் செய்பவரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, எண்ணிக்கை, வரி உட்பட அதிகபட்ச விலை, புகாருக்கு ஒரு தொடர்பு. பேக் செய்த பொருட்களுக்கான சட்ட அளவியல் விதிகளின்படி 2018 ஜனவரியிலிருந்து இவை ஆன்லைன் பக்கத்திலும் தெரிய வேண்டும். இவற்றை ஏஐயிடம் கொடுக்கவே வேண்டாம், தளத்தில் அதற்கென்று இருக்கும் கட்டங்களில் நீங்களே நிரப்புங்கள். முகவரியை அழகுபடுத்த யாரும் தேவையில்லை.

அடுத்தது, ஏஐயிடம் கேட்பது. 'தோல் பைக்கு நல்ல விவரணை எழுது' என்று கேட்டால் அது உலகத்தில் உள்ள எல்லாத் தோல் பைகளையும் கலந்து ஒரு பையை எழுதும். உங்கள் பையை அது பார்த்ததில்லை. நான் இப்போது கேட்பது இப்படி:

'கீழே உள்ள விவரங்களை மட்டும் வைத்து ஆங்கிலத்தில் ஒரு தலைப்பும் ஐந்து குறிப்புகளும் எழுது. இதில் இல்லாத பொருள், அளவு, பயன், உத்தரவாதம் எதையும் சேர்க்காதே. ஏதாவது விவரம் தேவைப்பட்டால் நீயாக நிரப்பாமல் என்னிடம் கேள். விலை, தள்ளுபடி, டெலிவரி, வேறு பிராண்டின் பெயர் வேண்டாம்.'

இதற்குக் கீழே ஜாதகத்தை அப்படியே ஒட்டுவேன். 'என்னிடம் கேள்' என்ற வரிதான் முக்கியம். அதைச் சேர்த்த பிறகு பெரும்பாலும் கேட்கிறது: தோள்பட்டை வார் எவ்வளவு நீளும், லேப்டாப் அறைக்குப் பஞ்சு வைத்திருக்கிறதா என்று. நல்ல கேள்விகள். சில சமயம் கேட்காமலும் அள்ளி விடும். அதனால்தான் அடுத்த படி.

வந்ததை அச்செடுத்து, பையைச் செய்தவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லுவேன், அவர் தையலிலிருந்து தலை நிமிராமலே கேட்பார். முதல் தடவை வாலட் ஒன்றுக்கு 'பசுத்தோலில் செய்தது' என்று வாசித்தேன். தலை நிமிர்ந்தது.

"பசுத்தோலா? எருமைத் தோலுல்லா இது. எவன் சொன்னான்?"

"மெஷின் எழுதியிருக்குப்பா."

"அந்த மெஷின் நம்ம பட்டறைக்கு எப்ப வந்துச்சு?"

அது சிரித்துவிட்டுப் போகும் தவறு இல்லை. மகாராஷ்டிராவில் 2015இல் திருத்திய சட்டப்படி, பசு மட்டுமல்ல, காளையையும் எருதையும் அறுப்பதும் தடை. எருமை அந்தத் தடையில் வராது. தாராவி முகவரி போட்ட லிஸ்டிங்கில் பசுத்தோல் என்று எழுதினால் ரிட்டர்னோடு போகாது, வேறு ஆட்கள் வாசலுக்கு வருவார்கள். ஆங்கிலத்தில் தோல் பையைப் பற்றி எழுதுகிறவர்களில் நிறையப் பேர் 'கௌஹைட்' (பசுத்தோல்) என்றுதான் எழுதுகிறார்கள். ஏஐ அதைப் படித்துவிட்டு நம் தலையில் கட்டுகிறது.

அப்பாவின் காதில் விழுந்து அடிபட்ட இன்னும் சில: 'ஃபுல் கிரெய்ன்' (மேல்பரப்பைத் தேய்க்காத தோல், நம்முடையது தேய்த்து ஃபினிஷ் போட்டது), 'முழுக்கக் கையால் செய்தது' (வெட்டுவது கை, தைப்பது மெஷின்), 'இத்தாலியத் தோல்', 'ஆர்எஃப்ஐடி தடுப்பு'. கடைசியதைப் பற்றி அப்பா கேட்டார், அது என்ன என்று. பர்ஸுக்குள் உலோகத் தகடு வைத்தால் கார்டைத் தூரத்திலிருந்து படிக்க முடியாதாம் என்றேன். "தகடு எங்க இருக்கு?" என்றார். அதோடு அந்த வரி போச்சு.

பொய் இல்லாவிட்டாலும் மாட்டிவிடும் சொற்கள் தனி. 'பெஸ்ட்', 'நம்பர் ஒன்', '100%', 'கேரண்டீ', 'ஆண்டி பாக்டீரியல்' எல்லாம் ஏஐக்கு உப்பு மாதிரி, எதிலும் தூவும். கையில் ஆதாரம் இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். 'ஈகோ ஃப்ரெண்ட்லி' என்பதில் கூடுதல் கவனம் வேண்டும். வெறுமனே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று சொல்லிவிட்டுப் போவதைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் தனி வழிகாட்டுதலே வெளியிட்டது. சொல்வதானால் எந்த வகையில் என்று சொல்லி, சான்றையும் காட்ட வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. எங்களைப் போன்ற நாலு மெஷின் பட்டறையைத் தேடி வருவார்களா என்று கேட்கலாம். போட்டிக்காரர் ஒரு புகார் தட்டிவிட்டால் போதும்.

வாட்டர்ப்ரூஃப் இருந்த இடத்தில் இப்போது இருப்பது: 'லேசான தூறலைத் தாங்கும். கனமழையில் மேலே கவர் போடவும். நனைந்தால் நிழலில் உலர்த்தவும், வெயிலில் வைக்க வேண்டாம்.' இதைப் போட்டால் விற்பனை படுத்துவிடும் என்று தம்பி சொன்னான். படுக்கவில்லை. நனைந்த பை திரும்பி வருவதுதான் நின்றது.

அப்புறம் எண்ணிக்கை. ஏஐ எழுத்து எண்ணுவதை நம்ப முடியாது, ஏனென்றால் அது எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை, துண்டுதுண்டாகப் படிக்கிறது. '200க்குள் எழுதினேன்' என்று சத்தியம் பண்ணும், எண்ணினால் 231 இருக்கும். அமேசான் 2025 ஜனவரியில் கொண்டுவந்த விதிப்படி பெரும்பாலான பிரிவுகளில் தலைப்பு இடைவெளி உட்பட 200 எழுத்தைத் தாண்டக் கூடாது. ஒரே சொல் இரண்டு தடவைக்கு மேல் வரக் கூடாது. ஆச்சரியக்குறி, கேள்விக்குறி, டாலர் குறி போன்றவையும் கூடாது. 'லெதர் பேக் லெதர் ஆபீஸ் பேக் லெதர்' என்று அடுக்கும் பழைய வித்தை இனி ஓடாது. தலைப்பை ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒட்டி, எழுத்தை எண்ணும் லென் (LEN) ஃபார்முலா போட்டு நீங்களே எண்ணுங்கள்.

மறைவாகக் கொடுக்கும் தேடல் சொற்களை எழுத்துக் கணக்கில் இல்லாமல் பைட் கணக்கில் (எழுத்தைச் சேமிக்கக் கணினி எடுக்கும் இடம்) அளக்கும் தளங்களும் உண்டு. 'தோல்பை' என்று தமிழில் போட்டால் 18 பைட், ஆங்கிலத்தில் 'லெதர் பேக்' (leather bag) இடைவெளியோடு 11தான். தமிழில் தேடுகிறவர்களுக்காகப் போடுங்கள், ஆனால் ஒன்றிரண்டு சொல்லோடு நிறுத்துங்கள். ஏஐ செய்த தமிழ் மொழிபெயர்ப்பையும் பார்க்காமல் ஏற்றாதீர்கள். 'ஃபுல் கிரெய்ன் லெதர்' ஒருமுறை எனக்கு 'முழுத் தானியத் தோல்' என்று வந்தது. கம்பு, கேழ்வரகில் பை தைத்த மாதிரி.

கூகுளில் பொருள் காட்டுகிறவர்களுக்கு ஒரு தனிச் சமாச்சாரம். அதற்கான விவரங்களை ஏற்றும் மெர்ச்சன்ட் சென்டரில், ஏஐ எழுதிய தலைப்பையும் விவரணையையும் வழக்கமான கட்டத்தில் போடக் கூடாது. 'ஸ்ட்ரக்சர்டு டைட்டில்', 'ஸ்ட்ரக்சர்டு டிஸ்கிரிப்ஷன்' என்று இருக்கும் தனிக் கட்டங்களில் போட்டு, இது ஏஐ எழுதியது என்ற குறியீட்டையும் சேர்க்க வேண்டும். ஏஐ உருவாக்கிய படமென்றால், ஏஐ செய்தது என்று கோப்புக்குள் இருக்கும் அடையாளத்தை அழிக்கக் கூடாது. படத்தைச் சுருக்கும் சில ஆப்கள் அதைச் சத்தமில்லாமல் அழித்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிவ்யூவை ஏஐயில் எழுதிப் போடலாமா என்று பக்கத்துப் பட்டறைப் பையன் கேட்டான். கூடாது. சித்தப்பா கணக்கிலிருந்தும் கூடாது.

கடைசியாக, எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். மாடலுக்கு ஒரு ஃபோல்டர்: ஜாதகம், ஏஐ கொடுத்தது, அப்பா அடித்துத் திருத்தியது, ஏற்றிய தேதி, தோல் வாங்கிய பில், அளவு டேப்போடு எடுத்த போட்டோ. மூன்று மாதம் முன்பு 'ஜெனுவைன் லெதர் என்பதற்கு ஆதாரம் தரவும்' என்று ஒரு நோட்டீஸ் வந்தது. பில்லையும் வெட்டிய ஓரம் தெரியும் போட்டோவையும் அனுப்பினேன், மறுநாளே லிஸ்டிங் திரும்ப வந்தது. முந்தைய ஜூலையில் அனுப்ப என்னிடம் ஒன்றுமே இல்லை.

இந்த வாரம் புது ஸ்லிங் பைக்கு ஜாதகம் எழுதினேன். அப்பா தாளை வாங்கி, பென்சிலால் அடியில் ஒரு வரி சேர்த்துக் கொடுத்தார்: 'இடது பக்கப் பாக்கெட் சின்னது, பெரிய போன் போகாது.' அதை முதல் குறிப்பாகவே போட்டிருக்கிறேன்.