கரும்பு லோடு ஏற்றிய டிராக்டர் கொதிக்காமல் மேடேற

டிரெய்லர் இழுக்கப் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இது. ரேடியேட்டர் கொதிக்கத் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகள் வரை போக வேண்டியதில்லை. கரும்புக் காட்டிலிருந்து கீழ்பவானி வாய்க்கால் கரைக்கு ஏறும் மேடே போதும்.

முதலில் தண்ணீர். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து மட்டம் பாருங்கள். குறைந்திருந்தால் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். நம்ம பக்கம் ஆழ்துளைக் கிணறுகளில் பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான். வாட்டர் ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படிவது எஞ்சினுக்குள்ளும் படியும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். சிறுவாணித் தண்ணீராகவே இருந்தாலும் துருவைத் தடுக்காது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். உள்ளே அழுத்தம் நின்றால்தான் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காது.

அப்புறம் முன்பக்க ஜாலி. கரும்பின் காய்ந்த சோகைத் தூள் அடைத்தால் காற்று போகாது. முதல் வருசம் நான் கோட்டை விட்டது இதில்தான்: தண்ணீர் நிறைய இருந்தும் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது. ஃபேன் பக்கமிருந்து முன்னோக்கி, மெதுவாகத் தண்ணீர் அடியுங்கள். வேகமாக அடித்தால் தகடுகள் மடங்கும். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மேட்டில் ஏறும் முன்பே கியரைக் குறையுங்கள். பெரிய கியரில் எஞ்சின் முக்கும்போது சூடு அதிகம். ஆனால் ஃபேனும் வாட்டர் பம்பும் மெதுவாகச் சுற்றும். கரும்புகை கக்கினால் கியர் தப்பு என்று அர்த்தம்.

முள் ஏறிவிட்டதா? சமதளத்தில் ஓரங்கட்டுங்கள். சரிவென்றால் டிரெய்லர் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். உடனே எஞ்சினை நிறுத்தாதீர்கள். ஐடிலில் ஓடினால் தண்ணீர் சுற்றிச் சூடு இறங்கும். பெல்ட் அறுந்திருந்தாலோ தண்ணீர் கொட்டினாலோ மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள். சூட்டோடு மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். அரை மணி நேரமாவது பொறுங்கள். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டில் விரிசல் விழலாம்.

மறுநாளும் மட்டம் குறைந்தால் ஹோஸ் கிளிப், வாட்டர் பம்ப் அடிப்பக்கம் பாருங்கள். ஒழுகலே இல்லையா, ஆயில் ஸ்டிக்கை உருவுங்கள். ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது, பெரும்பாலும் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் போயிருக்கும். வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.