வளவு வீட்டில் ஆத்தாவின் செவித்துணைக் கருவி: என் அனுபவம்

எழுபதைத் தாண்டிய என் ஆத்தாவுக்குப் பேச்சொலி கேட்டும் சொல் பிடிபடாமல் போகவே, காரைக்குடியில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். குறும்பி அடைப்போ செவிப்பறைக் கோளாறோ இல்லை என்று பார்த்த பின், 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை எடுத்த ஆடியோகிராம் (செவித்திறனைக் காட்டும் வரைபடம்), தாழ்ந்த ஒலிகள் ஓரளவு கேட்பதையும் உயர் அதிர்வெண் ஒலிகள் மங்கிவிட்டதையும் காட்டியது. உயிரொலிகள் காதில் விழ, ‘ச’, ‘த’ போன்ற மெய்யொலிகள் நழுவியதே குழப்பத்துக்குக் காரணம். ஒலியை உணரும் உட்செவியின் மயிர்ச்செல்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை என்பதால் இதற்கு மருந்து உதவாது. (உரக்கக் கத்துவதும் உதவாது; ஆத்தாவுக்குச் சினம்தான் மூளும்.)

செவித்துணைக் கருவி பொருத்திய பிறகும் தொல்லை முழுதும் தீரவில்லை. செட்டிநாட்டுப் பாணிப் பெரிய வீடான எங்கள் வளவு வீட்டில், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய வழவழப்பான சுவர், உயர்ந்த மேற்கூரை ஆகியவை எழுப்பிய எதிரொலியையும் கருவி சேர்த்தே பெருக்கியது. செவித்திறன் வல்லுநரிடம் இதைச் சொல்லிக் கருவியின் அமைப்பை மாற்றிக்கொண்டதோடு, பேச்சுக்கு உட்காரும் இடத்தையும் பட்டாலை எனும் பெரிய கூடத்திலிருந்து மெத்தையும் துணித்திரையும் உள்ள சிறிய அறைக்கு மாற்றினோம். உண்மையில் பாதித் தீர்வு அந்த அறைதான். ஒருவர் பின் ஒருவராக, முகம் பார்த்துப் பேசும்படி வருவோரைக் கேட்டுக்கொள்கிறோம். பங்காளிகள் கூடும் நாளில் மட்டும் அது நடப்பதில்லை.